ஜூன் வந்தால் யூனிபார்ம் செலவு: குமரி மாவட்டப் பெற்றோர் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

மே மாதக் கடைசி வாரம் வந்தால் போதும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் துணிக்கடைகளில் யூனிபார்ம் பக்கம் மட்டும் நிற்க இடம் இருக்காது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பள்ளிக்கூடம் கொடுத்த லிஸ்ட். "அடுத்த வருஷமும் போடணும் அண்ணாச்சி, ஒரு சைஸ் கூட்டியே குடுங்க" என்ற குரல் எல்லாக் கடையிலும் கேட்கும். சட்டை, பேன்ட், பினாஃபோர், சுடிதார், ஓவர்கோட், டை, பெல்ட், சாக்ஸ், கறுப்பு ஷூ, அப்புறம் பி.டி. பீரியடுக்கு வெள்ளை ஷூ, ஹவுஸ் கலரில் ஒரு டிஷர்ட். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பட்டியலை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும், பீஸ் கட்ட வைத்திருந்த பணத்தில் பாதி துணிக்கே போய்விட்டது என்று.

மாநிலம் முழுக்க உள்ள செலவுதான் இது. ஆனால் குமரி மாவட்டத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். காரணம், பள்ளி திறக்கும் நேரமும் வருமானம் குறையும் நேரமும் இங்கே ஒன்றாக வருகின்றன.

வருமானம் குறையும் மாதம்

தமிழகத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு வகை. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டுமே வந்து சேரும் மாவட்டம் குமரி. சின்னமுட்டம் விசைப்படகுகள் கிழக்குக் கணக்கில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் மேற்குக் கணக்கில் நிற்கும். சின்னமுட்டத்தில் ஒன்றரை மாதம் கடலுக்குப் போகாமல் இருந்த வீட்டிலும் பள்ளி திறக்கிறது. குளச்சலில் இனி இரண்டு மாதம் போக முடியாது என்று நிற்கும் வீட்டிலும் பள்ளி திறக்கிறது. தடைக்கால நிவாரணமாக அரசு தரும் ₹8,000 வீட்டுச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும்.

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் வேலை. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பால்வெட்டு தடைபடும். செங்கல் சூளையிலும் மழைக்காலம் வேலை குறைந்த காலம்தான். ஆக, ஜூன் மாதம் என்பது பல வீடுகளில் நகையை அடகு வைக்கும் மாதம். 3 வட்டிக்கு ₹10,000 வாங்கினால் மாசம் ₹300. பத்து மாதத்தில் வட்டி மட்டும் ₹3,000. அதாவது அடுத்த வருட யூனிபார்முக்கான பணத்தில் ஒரு பகுதி, இந்த வருட யூனிபார்முக்கு வட்டியாகவே போய்விடுகிறது. மிச்சம் பிடிப்பது என்பது கஞ்சத்தனம் இல்லை, இந்தச் சுழலில் மாட்டாமல் இருப்பதற்கான வழி.

முதலில்: இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குவது

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டிலும் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை, சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 4 செட் சீருடை இலவசம். 1985-ல் ஒரு செட்டாகத் தொடங்கிய திட்டம் இது. 2012-13 கல்வி ஆண்டிலிருந்து 4 செட்டாக உயர்ந்தது. துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. தைப்பது மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். புத்தகப் பை, காலணி, நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் போன்றவையும் வகுப்புக்கு ஏற்றபடி தனித் திட்டங்களில் கிடைக்கின்றன.

இங்கே இரண்டு இடத்தில் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, "இது அரசுப் பள்ளிக்கு மட்டும்தானே" என்று நினைப்பது. குமரி மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படிக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. இரண்டாவது, "எம்பிள்ளை சத்துணவு சாப்பிட வேண்டாம், வீட்டுச் சாப்பாடு கொண்டு போகட்டும்" என்று பெயரே கொடுக்காமல் விடுவது. சத்துணவுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சீருடைப் பட்டியலிலும் பெயர் வராது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

இலவசத் துணி வந்து சேர்வதற்குள் சில வாரம் ஆகலாம். அதுவரை போன வருடச் சட்டையை ஓட்ட முடியுமா என்று பார்த்தால் போதும். அவசரப்பட்டு கடையில் நான்கு செட் வாங்கிவிட்டு, பிறகு இலவச செட்டைப் பீரோவில் மடித்து வைப்பதுதான் நடக்கக் கூடாதது.

எத்தனை செட் வேண்டும்?

ஐந்து நாளைக்கு ஐந்து செட் என்று கடைக்காரர் சொல்வார். இரண்டு போதும் என்று பாட்டி சொல்வார். இரண்டுமே குமரி ஜூனுக்குச் சரிவராது. இங்கே பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மதுரையில் இரண்டு மணி நேரத்தில் காயும் சட்டை, மார்த்தாண்டத்தில் ஜூன் மாதம் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும்.

சட்டை தினமும் துவைக்க வேண்டியது, வியர்வை படுவது. பேன்ட்டோ பாவாடையோ இரண்டு நாள் தாங்கும். அதனால் சட்டை மூன்று, பேன்ட் அல்லது பாவாடை இரண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மழைக்காலத்திலும் இந்தக் கணக்கு ஓடும். ஐந்து செட்டுக்குப் பதில் இதை வாங்கினால் இரண்டு சட்டை, மூன்று பேன்ட்டின் காசு மிச்சம்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போதும் மழையை நினைத்துக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் அதிகம் கலந்த துணி சீக்கிரம் காயும், சுருங்காது, அயர்ன் செலவு குறைவு. ஆனால் மார்ச், ஏப்ரல் வெயிலில் உடம்பு எரியும். முழுப் பருத்தி குளிர்ச்சி, ஆனால் காய நேரமெடுக்கும், முதல் துவைப்பில் சுருங்கும். சட்டைக்குப் பருத்தி கொஞ்சம் கூடுதலாகக் கலந்த துணியும், பேன்ட்டுக்கு பாலியஸ்டர் கலந்த துணியும் என்று பிரித்து எடுப்பது நடுவழி.

ரெடிமேடா, தைப்பதா?

வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. வயதைப் பொறுத்து மாறும்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை ஒரு பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளரும். அதில் பாதி கால் நீளம் என்று வைத்துக்கொண்டாலும் பேன்ட்டுக்கு வருடம் 3 செ.மீ. போதும். உள்ளே 3 இஞ்ச், அதாவது ஏழரை செ.மீ. மடித்துத் தைத்தால் இரண்டு வருடம் வண்டி ஓடும். பெண் பிள்ளைகளின் பாவாடையில் டக் பிடித்துத் தைப்பதும் இதே கணக்குதான், வருடத்துக்கு ஒரு டக் பிரித்தால் போதும். இடுப்பிலும் பக்கத் தையலிலும் ஒரு இஞ்ச் துணி விடச் சொல்ல வேண்டும். ரெடிமேடில் இந்த உள்துணி பெரும்பாலும் இருக்காது. விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பதின்வயதில் கதை வேறு. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 13, 14 வயதிலும் திடீரென்று உயர்வார்கள். உச்சத்தில் பெண் பிள்ளை வருடத்துக்கு 8 செ.மீ., ஆண் பிள்ளை 9, 10 செ.மீ.கூட வளரலாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஜூனில் நான்கு பேன்ட் வாங்கினால், ஜனவரியில் நான்குமே கணுக்காலுக்கு மேலே நிற்கும். இந்த வயதில் இரண்டு மட்டும் வாங்கிவிட்டு, தேவைப்பட்டால் டிசம்பரில் ஒன்று வாங்குவதுதான் லாபம்.

இன்னொன்று, பள்ளியில் எந்த வகுப்பில் யூனிபார்ம் மாறுகிறது என்று தெரிந்து வைத்திருப்பது. பல பள்ளிகளில் 6, 9, 11-ஆம் வகுப்புகளில் நிறமோ மாடலோ மாறும். மாறப்போகும் வருடத்துக்கு முந்தைய வருடம் "ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று பெரிய சைஸில் வாங்கினால் அந்தக் காசு வீண்.

தைப்பது என்று முடிவெடுத்தால் மே முதல் வாரத்திலேயே துணியைக் கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் தையல்காரருக்கும் மூச்சு விட நேரமிருக்காது, கூலியும் கூடும். பருத்தித் துணியை ஒரு முறை தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டுக் கொடுத்தால் பிறகு சுருங்காது. ஒரே பள்ளியில் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளின் வீட்டார் சேர்ந்து மொத்தமாகத் துணி எடுத்தால் மீட்டருக்கு விலை பேச முடியும். அகலத்தையும் கவனிக்க வேண்டும். 58 இஞ்ச் பன்னா துணி மீட்டர் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், 36 இஞ்ச் பன்னாவில் எடுப்பதைவிடக் குறைந்த மீட்டரே போதும். மொத்தக் காசைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஷூ: மலிவு எது, லாபம் எது?

துணியில் மிச்சம் பிடித்ததை ஷூவில் விடுவது வழக்கம். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். ₹500 ஷூ 100 நாளில் வாயைப் பிளந்தால் ஒரு நாளைக்கு ₹5. ₹900 ஷூ 200 நாளும் உழைத்தால் ஒரு நாளைக்கு ₹4.50. விலை குறைந்தது எப்போதும் மலிவு இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு கால் வளராத பிள்ளைக்குத்தான். சின்னப் பிள்ளையின் கால் ஆறேழு மாதத்தில் சைஸ் தாண்டிவிடும் என்றால், நீண்ட நாள் உழைக்கும் ஷூவுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருள் இல்லை. முன்பக்கம் பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்கினால் போதும். இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்தால் பிள்ளை தடுக்கி விழும், ஷூவும் சீக்கிரம் கெடும்.

மழையில் நனைந்த ஷூவை அடுப்படியில் சூடு காட்டினால் பசை விட்டு சோல் கழன்றுவிடும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து மின்விசிறிக் காற்றில் வைத்தால் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். கனமழை வாரங்களில் செருப்பு அணிந்து வர அனுமதி கேட்டு, வகுப்புப் பெற்றோர் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம். காசு செலவில்லாத வேலை அது.

வரியிலும் ஒரு மாற்றம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ₹2,500 வரை விலையுள்ள ஆடைக்கும் காலணிக்கும் ஜிஎஸ்டி 5%. அதற்கு முன் காலணிக்கு ₹1,000 வரை 12%, அதற்கு மேல் 18%. குடைக்கும் 12% இப்போது 5% ஆகியிருக்கிறது. பள்ளி ஷூ, குடை வாங்கும்போது பில் கேட்டு, அதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கண் பார்ப்பது நல்லது.

ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்கலாமா?

எல்லாவற்றுக்கும் முடியாது. யூனிபார்ம் துணிக்கு ஆடியில் தள்ளுபடி கிடைப்பது அபூர்வம். ஆனால் பனியன், ஜட்டி, சாக்ஸ், வெள்ளைச் சட்டை, கலர் டிரஸ் போன்றவற்றை ஜூனில் முழு விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளி திறக்க எது கட்டாயம் தேவையோ அதை மட்டும் ஜூனில் வாங்கிவிட்டு, மற்றதை ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் வாங்கலாம். பிறந்தநாள் டிரஸ், ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் டிரஸ் என்று வருடத்தில் வாங்கும் எல்லாத் துணியையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்த்தால், எது உண்மையில் தேவை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் "காசு இல்ல" என்று மட்டும் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். "இவ்வளவுதான் பட்ஜெட், இதுக்குள்ள நீயே பாத்து எடு" என்று தொகையைக் கையில் கொடுத்தால், பிராண்ட் ஷூ வேண்டுமா, இரண்டு டிஷர்ட் வேண்டுமா என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். பணத்தின் அருமை தெரிய அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்த ஜூனுக்கான வேலை இந்த ஜூலையில் தொடங்க வேண்டும். மாதம் ₹500 வீதம் ஜூலை முதல் மே வரை வங்கியில் ஆர்.டி. போட்டால் 11 மாதத்தில் ₹5,500, மேலே கொஞ்சம் வட்டி. வட்டிக்கு வாங்கும் வீட்டுக்கும் வட்டி வாங்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த ₹500தான். கடலுக்குப் போகும் வீடுகளில் மாதத் தவணை ஒத்துவராது. மீன் நன்றாகப் படும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைப்பதுதான் வழி.

பழைய யூனிபார்மில் என்ன கேவலம்?

அண்ணன் போட்டதைத் தம்பி போடுவது எல்லா வீட்டிலும் நடக்கும். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை போட்டதை வாங்க மனசு வராது. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்ற கேள்வி குறுக்கே நிற்கும்.

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு ஆழமான வேர் உண்டு. தென் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், மேலாடை அணியும் உரிமைக்காகவே இங்குள்ள பெண்கள் 1822 முதல் 1859 வரை போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச ஆணையும் முழு உரிமையைத் தரவில்லை. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. உடை என்றால் மானம் என்று இங்குள்ளவர்கள் நினைப்பது சும்மா வந்ததில்லை.

பள்ளிச் சீருடையின் நோக்கமும் அதுதான். யார் வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்துத் தெரியக் கூடாது. காமராஜர் முதல்வராக இருந்தபோது மதிய உணவோடு இலவசச் சீருடையும் பேசப்பட்டதற்கு இதுவே காரணம். அதே காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி. எல்லோரையும் ஒன்றாகக் காட்ட வந்த துணி, இன்று வருடத்துக்கு வருடம் மாறும் மாடலும் லோகோவும் கூடி, வாங்க முடிந்தவர், முடியாதவர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுகிறது என்றால், மாற வேண்டியது பெற்றோர் மட்டும் இல்லை.

12-ஆம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே நல்ல நிலையில் உள்ள எத்தனையோ சட்டைகளும் சுடிதார்களும் வேலையற்றுப் போகின்றன. அவற்றைத் துவைத்து அயர்ன் செய்து, சைஸ் எழுதிப் பள்ளியிலேயே ஒரு மேசையில் வைத்தால் போதும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று பெயர் எழுத வேண்டாம். ஏழைகளுக்கு உதவி என்று போர்டு வைக்கவும் வேண்டாம். எல்லோரும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் கூச்சம் தானாகக் குறையும். முதல் ஆளாக ஓர் ஆசிரியரின் பிள்ளைக்கு அங்கிருந்து ஒரு சட்டை எடுத்தால் இன்னும் நல்லது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தனியார் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஏற்பாடு செய்ய ஆள் தேடி அலைய வேண்டாம்.

பள்ளிகள் செய்ய வேண்டியது

இங்கிலாந்தில் பள்ளிச் சீருடைச் செலவைக் குறைக்க 2021-ல் தனிச் சட்டமே வந்தது. லோகோ போட்ட துணிகளைக் குறைந்தபட்சமாக வைக்க வேண்டும், பயன்படுத்திய சீருடை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் பள்ளிகளுக்குச் சொல்கிறது. நம் பக்கத்தில், சிபிஎஸ்இ வாரியம் 2017 ஏப்ரலில் புத்தகம், சீருடை, ஷூ, பை போன்றவற்றைக் குறிப்பிட்ட இடத்தில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தக் கூடாது எனப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. பள்ளி வளாகத்தில் விற்கலாமா, கூடாதா என்பது பிறகு நீதிமன்றம் வரை போன தனி விவகாரம். பெற்றோருக்கு முக்கியம், வாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்.

மூன்றே மூன்று விஷயம் செய்தால் பாதிச் சுமை குறையும். ஒன்று, ஒரு முறை முடிவு செய்த யூனிபார்மை ஐந்து வருடத்துக்காவது மாற்றாமல் இருப்பது. இரண்டு, லோகோவைச் சட்டையிலேயே அச்சிடாமல், தைத்துக்கொள்ளும் பேட்ஜாகத் தனியே விற்பது. சட்டையை எந்தக் கடையிலும் வாங்கலாம், பிள்ளை வளர்ந்தால் பேட்ஜைப் பிரித்துப் புதுச் சட்டையில் தைக்கலாம். மூன்று, ஹவுஸ் டிஷர்ட், வெள்ளை ஷூ போன்றவற்றைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுப்பது. ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். ஒருவராகப் போவதைவிடப் பத்துப் பெற்றோர் கையெழுத்தோடு போனால் அந்தக் காகிதத்துக்கு எடை கூடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75% எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. கடன் வாங்கியாவது பிள்ளையைப் படிக்க வைத்த வீடுகள்தான் அந்த எண்ணை உருவாக்கின. படிப்புக்காகக் கடன் வாங்கினால் அதில் ஒரு நியாயம் உண்டு. ஹவுஸ் டிஷர்ட்டுக்காகக் கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.